புத்தகக் கப்பலுக்குப் பொம்மை எங்கே கிடைக்கும்?

ஆபீஸில் என் மேசை ஓரத்தில் ஒரு விண்கப்பல் நிற்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், நம்மூர்ப் பையன்தான், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இது எந்தப் படத்துல வருது? எங்க வாங்கினீங்க?" என்றான். படத்துக்காகச் செய்ததில்லை, புத்தகத்தில் வருவது. வாங்கவில்லை, செய்தேன் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டான்.

அந்த "ஓ"வுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன் :-)

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் வரும் விண்கப்பலுக்கு மாடல் வேண்டுமென்றால் கடையில் தேடாதீர்கள். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். கடையில் கிடைக்காது என்பதால் மட்டும் சொல்லவில்லை. கிடைத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கிடைக்காததற்குக் காரணம் எளிது. பிளாஸ்டிக் கிட் போட வேண்டுமென்றால் இரும்பில் அச்சு வெட்ட வேண்டும். கோயமுத்தூரில் பம்பு செட் பட்டறையில் முப்பது வருஷம் லேத்து ஓட்டிய என் அப்பாவைக் கேட்டால் ஒரு அச்சுக்கு எவ்வளவு வேலை என்று சொல்வார். அந்தச் செலவு திரும்பி வர ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். படத்தில் வந்த கப்பலென்றால் எல்லாரும் ஒரே உருவத்தைப் பார்த்திருக்கிறார்கள், வாங்குவார்கள். நாவலில் மட்டும் வந்த கப்பலுக்கு ஒவ்வொரு வாசகன் தலைக்குள்ளும் ஒரு உருவம். எந்த உருவத்துக்கு அச்சு வெட்டுவது?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஒன்று தலைகீழ்க் கதை. ஸ்டார் ட்ரெக் கப்பலுக்குக் கிட் போட்ட அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1968ல் "லீஃப் எரிக்சன்" என்று ஒரு கப்பல் கிட்டும் வெளியிட்டது. அதற்குப் படமும் கிடையாது, நாவலும் கிடையாது. லாரி நிவன், ஜெரி போர்னெல் என்ற இரண்டு எழுத்தாளர்கள் அந்த பிளாஸ்டிக் மாடலை முன்னால் வைத்துக்கொண்டுதான் தங்கள் "தி மோட் இன் காட்ஸ் ஐ" (1974) நாவலில் வரும் மெக்ஆர்தர் போர்க்கப்பலை எழுதினார்கள். அதாவது பொம்மையிலிருந்து புத்தகம்! எழுத்தாளர்களே கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டுதான் யோசித்திருக்கிறார்கள். நாம் பொம்மை செய்தால் மட்டும் "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்கிறார்கள்.

சரி, என் மேசையில் நிற்கும் கப்பலுக்கு வருகிறேன். ஜூல் வெர்ன் 1865ல் எழுதிய, பூமியிலிருந்து சந்திரனுக்குப் போகும் கதையில் வரும் குண்டு. ராக்கெட் கிடையாது, நிஜமாகவே பீரங்கிக் குண்டுதான். தொள்ளாயிரம் அடி நீளப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள். உள்ளே மூன்று பேர். குண்டு அலுமினியம். வெளிவிட்டம் 9 அடி, உயரம் 12 அடி என்று வெர்ன் அளவையே கொடுத்துவிடுகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல கப்பல் கிடையாது.

ஹார்டுவேர் கடையில் நாலு இன்ச் பைப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். ஒன்பது அடி 110 மி.மீ. ஆகிறதென்றால் கணக்கு 1/25. பன்னிரண்டு அடி, 146 மி.மீ. மூக்கு மட்டும் எம்-சீலில் பிடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சில்வர் ஸ்ப்ரே அடித்தால் முடிந்தது. ஆட்கள் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே வருவார்கள்.

இந்த நாவலை நான் காலேஜில் படித்தபோது, கிளம்பும் அதிர்ச்சியைத் தாங்க அடியில் மூன்று அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள் என்ற விஷயத்தை வாசித்துவிட்டு அப்படியே தாண்டிப் போயிருந்தேன். பைப்பை வெட்டி உள்ளே தளம் வைக்கப் போனபோதுதான் உறைத்தது. 12 அடியில் 3 அடி தண்ணீருக்கே போனால் மூன்று ஆள், நாய், கோழி, சாப்பாடு எல்லாம் எங்கே? அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வரிவரியாகப் படித்தேன். படிக்கும்போது தாண்டிவிடலாம். செய்யும்போது தாண்ட முடியாது. என் வாதத்தின் பாதி இதுதான்.

மீதிப் பாதி, காசு செலவழித்துக் கற்றுக்கொண்டது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு கிட் வரவழைத்தேன். 2001 கதையில் வரும் டிஸ்கவரி கப்பல், 1/144 அளவு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். கிட் விலை, கூரியர், சுங்க வரி எல்லாம் கூட்டிப் பார்த்தபோது வந்த தொகையைத் தங்கமணியிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டி முடித்தேன். முடித்த கையோடு ஆசையாக ஆர்தர் கிளார்க்கின் நாவலை எடுத்து மறுபடி படித்தால், நாவலில் இருப்பது வேறு கப்பல்!

படமும் நாவலும் 1968ல்தான் வந்தன. படத்தில் கப்பல் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்கு. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாவலில் வரும் டிஸ்கவரிக்கு வெப்பத்தை வெளியேற்றும் பெரிய தகடுகள் உண்டு, தும்பியின் இறக்கை மாதிரி விரிந்து நிற்கும். விண்வெளியில் காற்று இல்லை. அணு உலையின் சூட்டைக் காற்றோ தண்ணீரோ எடுத்துப் போகாது, கதிர்வீச்சாகத்தான் வெளியே விட வேண்டும். அதற்குப் பரப்பு வேண்டும், அதனால்தான் தகடு. படத்தில் அதை வைத்தால் பார்க்கிறவர்கள் இறக்கை என்று நினைத்துக் குழம்புவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். படம் பிரமாதமான படம், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கியது கிளார்க்கின் கப்பலை இல்லை, படக்காரர்களின் முடிவை. நான் படித்து, நானே உருவம் கொடுத்து வைத்திருந்த கப்பலை இந்தக் கிட் சத்தமில்லாமல் அழித்துவிட்டிருந்தது.

தயிர் டப்பா மூடிகளை வெட்டி அந்தத் தகடுகளை நானே செய்து ஒட்டினேன். அகலம் எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று முடிவு செய்யவே மூன்று ராத்திரி ஆனது. கிட் பிரியரான ஒரு நண்பர், "நல்ல மாடலைக் கெடுத்துட்டீங்களே" என்று துக்கம் விசாரித்தார். என் வீட்டு அலமாரியில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வது அந்தத் தயிர் டப்பாத் தகடுகளை மட்டும்தான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு பொழுதுபோக்குக்காரனின் புலம்பல். வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று புரியும்.

அம்மா போன பிறகு அப்பாவைப் புனேக்குக் கூட்டி வந்துவிட்டோம். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. காலையில் கீழே இறங்கி நாலு சுற்று நடப்பார், அப்புறம் பால்கனி நாற்காலி. லேத்து ஓட்டிய கை சும்மா மடியில் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். பெண் ஏழாம் வகுப்பு. அவளுக்கும் அவருக்கும் நடுவில் "சாப்டியா அம்மிணி", "சாப்டேன் அப்பாரு" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

அவள் பள்ளியில் பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்குக் கண்காட்சி. கிளார்க்கின் "ரான்டேவூ வித் ராமா"வை (1973) அவளுக்கு நான்தான் கதையாகச் சொல்லி, பிறகு அவளே படிக்க ஆரம்பித்திருந்தாள். ராமாவையே செய்கிறேன் என்றாள்.

தெரியாதவர்களுக்கு: ராமா என்பது யாரோ எங்கிருந்தோ அனுப்பிய ஒரு மாபெரும் உருளை. 50 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் விட்டம். நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே 16 கிலோமீட்டர் விட்டத்துக்கு வெற்றிடம், அதன் சுவர்தான் தரை. சுற்றுகிற வேகத்தில் சுவரோடு அழுத்தப்படுவதால் அங்கே நடக்கலாம். கணக்குப் போட்டால் பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நடு இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கடல், முழு வட்டமாக. 1956 முதல் கடைசிவரை இலங்கையில் வாழ்ந்த மனிதருக்குத் தீவைச் சுற்றிக் கடல் இருந்து அலுத்துப்போயிருக்கும், அதனால் ஆளைச் சுற்றிக் கடலை வைத்துவிட்டார் என்பது என் சொந்த ஆராய்ச்சி :-)

மறுபடியும் அதே நாலு இன்ச் பைப்பு. இப்போது 110 மி.மீ. என்பது 20 கிலோமீட்டர். நீளம் 275 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு 182 மீட்டர். வெர்ன் குண்டில் ஏழு சென்டிமீட்டராக நின்ற மனிதன் இங்கே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, செய்யவே முடியாது. உள்சுவருக்கு மூன்று இன்ச் பைப்பை (90 மி.மீ.) உள்ளே செருகி, நடுவில் தெர்மாகோல் கொடுத்தோம். கொஞ்சம் மில்லிமீட்டர் இடிக்கிறது, கிளார்க் மன்னிப்பார்.

உள்ளே தெரிய வேண்டுமானால் பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நானும் அவளும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு ஆக்சா பிளேடை வைத்தால் கோடு பாம்பு மாதிரி போகிறது. அப்பா பால்கனியிலிருந்து எழுந்து வந்தார். பைப்பை வாங்கினார். ஒரு எல்-ஆங்கிள் துண்டு கேட்டு வாங்கி, பைப்பின் மேல் படிய வைத்து ஒரே இழுப்பில் நேர்கோடு போட்டார். குறுக்கே வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு பேப்பரைச் சுற்றி, ஓரம் ஓரத்தோடு சேர்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

கடலின் இரண்டு கரையும் ஒரே உயரம் இல்லை. வடகரை 50 மீட்டர், தென்கரை 500 மீட்டர். மாடலில் ஒன்று விசிட்டிங் கார்டு கனம், மற்றது மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புத்தகத்தில் இருக்கிறபடி அவளே வெட்டி ஒட்டினாள்.

கண்காட்சியில் பரிசளிக்க வந்தவர் அவள் மேசையில் நின்று கேட்ட முதல் கேள்வி, "இது எந்தப் படத்தில் வருகிறது?" படமில்லை என்றிருக்கிறாள். "நெட்டில் ஒரு நல்ல படம் எடுத்து அதைப் பார்த்துச் செய்திருக்கலாமே, இது பைப்பு மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாராம். முதல் பரிசு, கடையில் வாங்கி ஒட்டி அழகாகப் பெயிண்ட் அடித்த ஒரு சினிமாக் கப்பலுக்கு. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், பெயிண்ட் வேலை நிஜமாகவே சுத்தம்.

வீட்டுக்கு வந்து ராமாவை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அப்பா, நம்மளும் வாங்கியிருக்கலாமோ?"

என்னிடம் பதில் இருந்தது, மேலே எழுதியிருக்கிறேனே, அவ்வளவும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்த நேரத்தில் அதையெல்லாம் சொன்னால் பிரசங்கம். பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஃபிரிட்ஜ் மேல் இருந்ததை அப்பா எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, நடுவுல நீலமா இருக்குதே, தண்ணியா?" என்றார். அவள் உர்ரென்று, "ஆமா அப்பாரு, கடல்" என்றாள். "மேல் பக்கந் தண்ணி கீழ விழுகாதா?" சுற்றுது, அதனால் விழாது என்றாள். ஒரு நொடி யோசித்தார். "ஓ, லேத்துல கூலண்ட்டு வெளியே தெறிக்கறாப்ல. செரி செரி" என்றார். அப்புறம் விரலை வைத்து, "இந்தக் கரை மட்டும் எதுக்கு இத்தன ஒசரம்?" என்றார்.

அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அப்படி இருந்தது, வெட்டி ஒட்டினாள், அவ்வளவுதான். எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை, மூன்று தடவை படித்தவன் நான்! அப்பாவே கேட்டார்: "இது எந்தப் பக்கமாப் போகும்?" அவள் வடக்கு முனையைக் காட்டினாள். "அப்பறமென்ன? தண்ணி லாரி கெளம்பறப்பப் பாத்ததில்லையா? தண்ணி பின்னாடிதான ஏறும். பின்கரை ஒசரமா இல்லாட்டி ஊரு முழுகிப் போகுமல்ல."

அவள் ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள். அதே காரணம்தான். கதையில் வருகிறவர்களும் அந்தக் கரையைப் பார்த்துத்தான் இந்தக் கப்பல் வேகமெடுக்கக் கூடியது என்று புரிந்துகொள்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாத, அந்தப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஒருவர், மூன்று மில்லிமீட்டர் அட்டையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவள் முதல் அத்தியாயத்திலிருந்து அவருக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். நடுநடுவே அவர் சந்தேகம் கேட்க, அவள் திணற, இருவரும் சேர்ந்து பைப்பைத் திருப்பிப் பார்க்க, எனக்கு அந்தப் பேச்சில் வேலையே இருக்கவில்லை.

பரிசளிக்க வந்தவர் மேல் இப்போது எனக்குக் கோபம் குறைந்திருக்கிறது. ஆனால் அவர் சொன்னது தப்பு என்பதில் மாற்றமில்லை. நெட்டில் ஒரு படத்தை எடுத்து அதே மாதிரி செய்திருந்தால் ராமா இன்னும் அழகாக இருந்திருக்கும். அந்தக் கரையும் ஒரு அலங்காரமாகத்தான் இருந்திருக்கும். 500 மீட்டர், 50 மீட்டர் என்று எழுத்திலிருந்து அளந்து வெட்டியதால்தான் கரை தனியாகத் தெரிந்தது, ஒருவர் விரல் அங்கே போய் நின்றது.

இப்போது 3டி பிரிண்டர் வந்துவிட்டதே, ஃபைலை இறக்கினால் எந்தக் கப்பலும் வந்துவிடுமே என்பீர்கள். பிரிண்டருக்கு நான் எதிரி இல்லை, அது இன்னொரு லேத்து. நீங்கள் படித்து, நீங்கள் அளவு போட்டு, நீங்கள் வரைந்ததை அதில் அச்செடுத்தால் அது உங்கள் கப்பல்தான். வேறு ஒருவர் படித்ததை இறக்கி அச்செடுத்தால் அது அவருடைய கப்பல். கிட் ஒட்டுவதும் வீண் இல்லை. உப்புத்தாள் எப்படிப் பிடிப்பது, பெயிண்ட் எத்தனை கோட் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவை கிட்கள்தான். கை பழக கிட் ஒட்டுங்கள். புத்தகம் பிடித்துப்போய் அதற்காகச் செய்கிறீர்கள் என்றால் கிட்டைத் தள்ளி வையுங்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் வழக்கம் இது. ஒரு படமும் பார்க்காமல் நாவலை முதலிலிருந்து படியுங்கள், அட்டைப் படத்தைக்கூடப் பேப்பர் போட்டு மூடிவிடுங்கள். எண் வரும் இடம், வடிவம் வரும் இடம் எல்லாவற்றிலும் பென்சில் கோடு. பிறகு தனித் தாளில் இரண்டு பட்டியல்: ஆசிரியர் சொன்னது, சொல்லாமல் விட்டது. முதல் பட்டியலில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது முழுக்க உங்கள் ராஜ்ஜியம். வீட்டில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் பைப்பை அவர் கையில் கொடுங்கள்.

அந்தத் தம்பிக்குப் பதில் இதுதான். எங்க வாங்கினீங்க என்று கேட்டாயே, ஹார்டுவேர் கடையில். நாலு இன்ச் பைப்பு, ஒரு அடி வெட்டித் தரச் சொல். புத்தகம் நான் தருகிறேன்.

டிஸ்கி: ஃபிரிட்ஜ் மேல் இருந்த ராமா இப்போது பால்கனி நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. அடுத்து என்ன கப்பல் என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார். டிஸ்கவரி கிட்டின் உண்மையான விலை மட்டும் யாரும் எங்கள் வீட்டில் சொல்லிவிட வேண்டாம், புண்ணியமாகப் போகும்.